ஜப்பான் கிளம்புமுன் நான்கு சனிக்கிழமை: ஒரு மொட்டைமாடி வகுப்பு, ஐந்துக்கு நாலு

ஜப்பான் போய்விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போட்டோக்களைப் பார்த்துவிட்டு "மொழி தெரியாம எப்படிச் சமாளிச்சீங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க, பெரியவரை வேற கூட்டிட்டுப் போனீங்களே" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் நான், மனைவி, அப்பா மூன்று பேரும் ஜப்பான் போகிறவர்களைத் தயார்செய்கிற ஒரு வகுப்புக்குப் போனோம், நான்கு சனிக்கிழமை. அந்த வகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பின் பெயரையும் இடத்தையும் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன். தனி ஆளாக ஒரு அம்மா வீட்டு மொட்டைமாடியில் நடத்துகிற விஷயத்தைப் பெயர் சொல்லிச் சந்திக்கு இழுக்க எனக்கு இஷ்டமில்லை. சென்னைதான். அவர் மொழிபெயர்ப்பாளராக ஒன்பது வருடம் யோகோஹாமாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் எல்லோரும் மேடம் என்றே கூப்பிட்டோம். தகரக் கூரை, நான்கு பெஞ்சு, ஒரு வெள்ளைப் பலகை, ஒரு டிவி. ஒரு பேட்ச்சுக்கு எட்டுப் பேர், வாரம் இரண்டு மணி நேரம், தலைக்கு 3,500 ரூபாய். எங்கள் பேட்ச்சில் நான், மனைவி, அப்பா, ஒரகடத்தில் ஒரு கம்பெனியிலிருந்து பயிற்சிக்காகப் போகிற ஒரு தம்பி, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, இரண்டு கல்லூரிப் பிள்ளைகள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. மூன்று பேருக்கு 10,500 ரூபாய். எல்லாம்தான் போனில் கிடைக்கிறதே, ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள யாராவது டியூஷன் போவார்களா என்று மனைவியிடம் சண்டையே போட்டேன். "நீங்க வீடியோ பாத்துக்கிட்டே இருப்பீங்க, அங்க போய் பேந்தப் பேந்த முழிக்கிறது நானும் மாமாவும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் வகுப்பில் மேடம் மேப்பும் காட்டவில்லை, வரலாறும் சொல்லவில்லை. மேஜை மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டை வைத்தார். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய நிஜ யென் சில்லறை. "738 யென். வைங்க" என்றார். ஒவ்வொருவராகப் போய் வைக்க வேண்டும். ஜப்பான் கடைகளில் காசைக் கையில் கொடுப்பதில்லை, கல்லாவில் இருக்கும் அந்தத் தட்டில் வைக்க வேண்டும், மீதியும் சில இடங்களில் அதில்தான் வரும். இந்தத் தட்டு விஷயம் எனக்கு முன்பே தெரியும், பத்து வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஆனால் 738 என்று கேட்டதும் கை திணறியது. 500 ஒன்று, 100 இரண்டு, 10 மூன்று. அப்புறம் ஐந்து யென் எங்கே? எல்லா நாணயத்திலும் நமக்குத் தெரிந்த எண் இருக்கிறது, அந்த ஐந்து யென்னில் மட்டும் இல்லை, அவர்கள் எழுத்தில்தான் போட்டிருக்கிறது. பித்தளை நிறம், நடுவில் ஓட்டை. ஐம்பது யென்னிலும் ஓட்டை உண்டு, அது வெள்ளி நிறம்.

அப்பா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஓட்டைக் காலணா மாதிரியே இருக்கே" என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் பழைய காலணாக்களை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிவிடுவார்களாம். மேடம் சிரித்துவிட்டு, "சார், இதைக் கோவில்லதான் போடுவாங்க, ஐந்து யென்னுக்கு அவங்க சொல்ற 'கோ-என்' ஒலியும், உறவு, தொடர்புன்னு அர்த்தம் வர்ற சொல்லோட ஒலியும் ஒண்ணு" என்றார். அப்பாவுக்கு அந்த நிமிஷமே வகுப்பு பிடித்துப்போய்விட்டது. அதுவரை அவரும் என் கட்சி.

இந்தக் காசு விளையாட்டை நாலு வாரமும் வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் ஆட வைத்தார். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் டோக்கியோவில் முதல் நாள் ராத்திரி, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, அப்பா தனியாகப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி, தட்டில் காசை எண்ணி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் கடைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோக்கள் எதையும் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

தகவல் வேண்டும் என்றால் போன் போதும். இந்த வகுப்பில் கிடைத்தது ஒத்திகை. மேடம் செய்தது எல்லாமே அந்த வகைதான். எல்லோரும் தங்கள் பெரிய பெட்டியின் அளவை வீட்டில் தையல் டேப்பால் எடுத்து வரச் சொன்னார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போனால் டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் அந்தப் பெட்டிக்கு இடத்தோடு சேர்ந்த சீட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கூடுதல் இல்லை, ஆனால் பதிவில்லாமல் ஏறினால் 1,000 யென் அபராதம் மாதிரி வாங்குவார்கள். எங்கள் பெட்டி 163! வேறு பெட்டி வாங்கலாமா என்று நான் யோசிக்க, எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போகிறீர்கள், கூரியரில் அனுப்புங்கள் என்றார். தக்யூபின் என்கிற சேவை. டோக்கியோ ஹோட்டலில் காலையில் பெட்டியை ஒப்படைத்தோம், மறுநாள் கியோட்டோ ஹோட்டல் ரிசப்ஷனில் எங்களுக்காகக் காத்திருந்தது. வண்டியில் கறுப்புப் பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற படம். பெட்டிக்கு அந்தப் படத்தைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. முதுகில் ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபுஜி மலையைப் பார்த்துக்கொண்டு போனோம்.

இரண்டாம் வகுப்பில் பிளக். அங்கே 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால். அப்பா மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு குட்டி ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைப்பதாக ஏற்கனவே முடிவு செய்திருந்தார். மேடம், "அதுல சாதம் வேகாது சார்" என்றதும் அப்பா ஒரு நிமிஷம் முகம் சுருங்கி, அப்புறம் நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 230 வோல்ட்டுக்குச் செய்ததை 100-இல் ஓட்டினால் சூடு வோல்ட்டின் வர்க்கத்தில் விழும், ஐந்தில் ஒரு பங்குகூட வராது. "ஆமா, ஊறத்தான் செய்யும்" என்று அவரே ஒத்துக்கொண்டார். அதோடு விடவில்லை, அங்கே ஃப்ரீக்வென்சி எவ்வளவு என்று கேட்டார். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60, ஒரே நாட்டுக்குள். 1890-களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் பலன், இன்று வரை மாறவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, படுக்கப் போகும்போது, மறுநாள் காலை வாக்கிங்கில் சந்தித்த மூன்று பேரிடம், என்று இந்தக் கதை பல இடங்களில் சொல்லப்பட்டது. (போன் சார்ஜர் பற்றிக் கவலை வேண்டாம், அதில் 100–240 என்று போட்டிருக்கும், தட்டைக் கால் அடாப்டர் மட்டும் போதும்.)

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பதற்கு அரை மணி நேரம். என் மனைவி எழுதி வைத்திருந்த பட்டியலில் கறிவேப்பிலை இருந்தது, அதை மேடம் சிவப்பில் அடித்தார். இலை, பழம், காய் எதுவானாலும் தாவர ஆரோக்கியச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. சூடோஎபெட்ரின் அதிகமாக இருக்கிற சளி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இவையும் சிக்கல். அப்பாவின் பி.பி. மாத்திரை ஒரு மாதத்துக்குள் என்றால் டாக்டர் சீட்டோடு கொண்டு போகலாம், அதற்கு மேல் என்றால் முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும். இதெல்லாம் நான் தேடாத விஷயம். தேட வேண்டும் என்று தோன்றினால்தானே தேடுவோம்.

மொழிக்கு மூன்றாம் வகுப்பு. நாலு வாரத்தில் மொழி வராது, அதை மேடமே முதலில் சொல்லிவிட்டார். ஆனால் தமிழ் வைத்தே சொல்லிக்கொடுத்தது அருமை. "வதாஷி வா சென்னை காரா கிமாஷ்தா." வதாஷி நான், காரா இருந்து, கிமாஷ்தா வந்தேன். நான் சென்னையிலிருந்து வந்தேன், சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வினைச்சொல் கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். கேள்வி கேட்க வேண்டுமென்றால் நாம் 'ஆ' ஒட்டுவது போல வாக்கியக் கடைசியில் 'கா'. எத்தனையோ மாதம் ஒரு மொழி ஆப்பில் ஆங்கிலம் வழியாகத் தலைகீழாகப் படித்துக் குழம்பியவன் நான், அன்று ஒரு மணி நேரத்தில் கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்னச் சதுரம். ஜப்பானிய எழுத்தில் வெறும் சதுரக் கட்டம் போட்டால் அது வாய். ரயில் நிலையத்தில் வெளியே போகும் வழிக்கு 'தேகுச்சி' என்று எழுதியிருக்கும், அதாவது வெளியேறும் வாய். உள்ளே வரும் வழி 'இரிகுச்சி', நுழைகிற வாய். "நாமளும் வாயில்னுதானே சொல்றோம்" என்று மேடம் பலகையில் வாய், வாயில், வாசல் என்று எழுதினார். அதற்கப்புறம் அந்தக் கட்டத்தை எங்கே பார்த்தாலும் கண் தானாக நின்றது. டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனில் 200-க்கு மேல் வாசல் இருக்கிறது, உலகத்திலேயே அதிகக் கூட்டம் வருகிற ஸ்டேஷன் அது. அங்கே நாங்கள் தொலைந்தோம், தொலையாமல் இருக்க முடியாது. ஆனால் எது வாசல், எது வெறும் கடை போர்டு என்று தெரிந்து தொலைந்தோம்.

இதே வகுப்பில் ஒரு குறையும். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் ரத்த உறவு இருக்கிறது என்பதை நிரூபிக்கப்பட்ட உண்மை மாதிரி மேடம் சொன்னார். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதாடினார் என்பது சரி, ஆனால் மொழியியல் ஆட்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இலக்கண வரிசை ஒத்துப்போவது நமக்குப் படிக்க வசதி, அவ்வளவு போதும். நமக்குப் பெருமையாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையாக்க வேண்டியதில்லை.

கடைசி வகுப்பு தெருப் படம். ஒவ்வொரு குடும்பமும் தங்கப்போகிற ஹோட்டலை டிவியில் போட்டு, ஸ்டேஷன் வாசலிலிருந்து ஹோட்டல் கதவு வரை ஸ்ட்ரீட் வியூவில் நடந்து காட்ட வேண்டும். எங்களுக்கு டோக்கியோவில் அசாகுசா என்கிற பகுதி. அந்தப் பெயரில் ஒரே இடத்தில் ஒரு ஸ்டேஷன் என்று நான் நினைத்திருந்தேன், இல்லை, வேறு வேறு கம்பெனி ரயிலுக்கு வேறு வேறு ஸ்டேஷன், ஒன்று சில நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அப்பாவை மவுஸைப் பிடிக்கச் சொல்லி மூன்று தடவை நடக்க வைத்தார். மூலையில் சிவப்புத் தானியங்கிப் பான மெஷின், அதற்கு இடது பக்கம் திரும்பு. ராத்திரி ஒன்பதரைக்கு மழையில் இறங்கியபோது என் போனில் நெட் வர மறுத்தது, அப்பா அந்தச் சிவப்பு மெஷினைக் கண்டுபிடித்து முன்னால் நடந்துவிட்டார்.

சரி, இப்போது பெரிய குறை. நாங்கள் சைவம். மேடம் அசைவம் சாப்பிடுகிறவர், அதில் தப்பில்லை, ஆனால் அவர் தந்த அட்டைதான் எங்களைக் கவிழ்த்தது. ஜப்பானிய மொழியில் அச்சடித்த, விசிட்டிங் கார்டு அளவு அட்டை: நாங்கள் வெஜிடேரியன், இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம். இதை நீட்டினால் போதும் என்றார். நீட்டினோம். டோக்கியோவில் மூன்று நாள் எல்லா இடத்திலும் புன்னகையோடு வாங்கிப் படித்து, இறைச்சித் துண்டும் மீன் துண்டும் இல்லாத உதோன் நூடுல்ஸ் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல ருசி. அப்பா கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார், குளிருக்கு இதமாக இருக்கிறது என்றார்.

கியோட்டோ போனதும் ஹோட்டல் ரிசப்ஷன் பெண்ணிடம் பக்கத்தில் சாப்பிட இடம் கேட்டு அட்டையைக் காட்டினோம். அவள் படித்துவிட்டுத் தயங்கி, "தாஷி?" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: உலர்த்திய மீனைச் சீவிக் கொதிக்க வைத்த சாறு, அதுதான் அங்கே முக்கால்வாசி சூப்புக்கும் குழம்புக்கும் அடிப்படை, அது பரவாயில்லையா? நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா மெதுவாக, "அப்போ நேத்து சாப்பிட்ட அந்த சூப்பு..." என்றார். "அதுவும்தான்பா." ஒன்றும் பேசாமல் அறைக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்.

ஒன்பது வருடம் அங்கே இருந்தவருக்கு தாஷி தெரியாமல் இருக்காது. அவர் கண்ணுக்கு அது மீன் இல்லை, உப்பு மாதிரி ஒரு பொருள், அவ்வளவுதான். ஜப்பானியர்களுக்கும் அப்படித்தான், அதனால்தான் எங்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்த ரிசப்ஷன் பெண் அட்டையின் பின்பக்கம் கையால் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள், மீன் சாறும் வேண்டாம், மீன் பொடியும் வேண்டாம், கடல்பாசிச் சாறும் காளான் சாறும் சரி என்று. அதை எடுத்துக்கொண்டு நிஷிகி மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைப் பாட்டி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முழுதும் படித்துவிட்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்தார். முடியாது என்று அர்த்தம், இது மட்டும் வகுப்பில் சரியாகச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் பாட்டி அதோடு விடாமல் கடையை அப்படியே போட்டுவிட்டு எங்களோடு தெருவுக்கு வந்து, இரண்டு திருப்பம் நடந்து, ஒரு டோஃபு கடை வாசலில் எங்களை விட்டுவிட்டு, உள்ளே போய் அவர்களிடமும் பேசிவிட்டுத்தான் திரும்பினார்.

சைவக்காரர்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஷோஜின் ரியோரி, புத்தக் கோவில் சாப்பாடு. மீன், இறைச்சி இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை, சாறுகூடக் கடல்பாசியிலும் காளானிலும் எடுப்பது. நான் தேடிக் கண்டுபிடித்து ஒசாகாவிலிருந்து கோயாசான் மலைக்குப் போனோம், அங்கே நம்பா ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கடைசியில் கேபிள் கார். கூகாய் என்ற துறவி 816-இல் தொடங்கிய மடம், இன்று அங்கே எத்தனையோ கோவில்களில் தங்கலாம். எள்ளுப் பாலில் செய்த டோஃபு, உறைய வைத்து உலர்த்திய டோஃபு, சாதம், ஊறுகாய். பன்னிரண்டு நாளில் அப்பா இரண்டாம் முறை சாதம் கேட்டது அங்கேதான்.

இன்னொரு குறையைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை, ஏனென்றால் அது வகுப்பின் பலத்திலிருந்தே வந்தது. நாலு வாரம் 'இதைச் செய்யாதே' கேட்டுக் கேட்டு நாங்கள் மிரண்டுபோயிருந்தோம். ரயிலில் போன் பேசாதே, நடந்துகொண்டே சாப்பிடாதே, சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தாதே, மூக்கைச் சத்தமாகச் சிந்தாதே, டிப்ஸ் வைக்காதே. எல்லாம் சரியான தகவல். ஆனால் அப்பா மெட்ரோவில் என்னோடு பேசவே பயந்து, காதுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு வந்தார். ஒசாகா லோக்கல் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, புலித் தோல் டிசைன் சட்டை போட்டவர், அப்பாவிடம் சத்தமாக ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டு, தானே சிரித்து, கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டி "அமே-ச்சான்" என்றார். அமே என்றால் மிட்டாய், 'ச்சான்' செல்லமாகக் கூப்பிடும்போது பெயருக்குப் பின்னால் ஒட்டுவது. மிட்டாய்க்குச் செல்ல விகுதி! அந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தானாம், முன்பின் தெரியாதவருக்கும் மிட்டாய் கொடுப்பார்களாம். மேடம் பழகியது யோகோஹாமா, டோக்கியோ, அதையே ஜப்பான் என்று தந்துவிட்டார். எஸ்கலேட்டரில் இடது பக்கம் நிற்கச் சொல்லித் தந்தார், டோக்கியோவில் சரி, ஒசாகாவில் ஆட்கள் வலது பக்கம் நிற்கிறார்கள், முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் வழியை அடைத்துக்கொண்டு நின்றோம். நிலநடுக்கத்துக்கு ஐந்தே நிமிடம் ஒதுக்கினார், அதுவும் போதாது.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். டிக்கெட் போட்ட டிராவல் ஏஜென்சியும் இலவசமாக ஒரு 'ஜப்பான் அறிமுகம்' நடத்தியது. அரை மணி நேரம் ஸ்லைடு, அதில் இருபது நிமிடம் ஏழு நாள் ரயில் பாஸை விற்கிற பேச்சு. 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000-க்கு ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஒரு வழி டிக்கெட் 14,000 யென் சுமார். நாங்கள் டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்பியதால் அந்த நீண்ட பயணம் ஒரே ஒரு தடவைதான். மேடம் எங்கள் திட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு "பாஸ் வேண்டாம்" என்றார், வகுப்புக் காசு அந்த ஒரு வார்த்தையிலேயே திரும்பி வந்துவிட்டது.

யாருக்கு இந்த மாதிரி வகுப்பு? பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். ஏற்கனவே நாலு நாடு சுற்றியவர், தனியாகப் போகிற இளவட்டம் என்றால் ஸ்ட்ரீட் வியூவையும் தையல் டேப்பையும் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம், தொலைவதும் அந்த வயதில் ஒரு சுகம். சைவம் என்றால் சேருங்கள், ஆனால் அட்டையை வாங்கியதும் தாஷியைப் பற்றிக் கேளுங்கள். ஐந்துக்கு நாலு போடுகிறேன். அப்பா நாலரை என்கிறார், சூப்பைக் குடித்தவர் அவர்தான், அதனால் அவர் மார்க்கும் இருக்கட்டும்.

வந்ததும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன், நடந்ததையும் எழுதி. ஒரு நாள் பதிலே இல்லை. மறுநாள் போன் செய்து, "சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, ருசியா இருந்துச்சு" என்று சொன்னதை மனைவி கேட்டுவிட்டாள்.